சுவிஸ் பேரனுக்கு ஒரு விசா வகுப்பு

ஒள்ளுப்பம் இரு மனே. அந்தப் பலகையை முதல்ல சுவரில சாத்து. பூனை படுத்திருக்கு, பார்த்து.

இப்பச் சொல்லு. சுவிஸில இருந்து காரெடுத்து, பிரான்சைத் தாண்டி, ஸ்பெயின் கடல் வரைக்கும் அலையில சறுக்கப் போனியாம். வழியில ஒருத்தனும் மறிக்கல்லியாம். "எல்லை எண்டு ஒண்டும் இல்ல அப்பப்பா" எண்டுறாய். இல்லத்தான். 2008 மார்கழியில சுவிஸும் செங்கன் கூட்டுக்குள்ள போயிட்டு. உன்ட பைக்குள்ள சிவப்புப் புத்தகமும் இருக்கு. என்ட புத்தகத்தை ஒருக்காத் தூக்கிக்கொண்டு போய்ப் பார். வங்கிக் கணக்கு, காணி உறுதி, திரும்பி வருவன் எண்டு ஒரு சத்தியம், எல்லாம் கேட்பானுகள். சறுக்கப் போறன் எண்டு சொன்னா, இந்த வயசிலயா எண்டு வேற கேட்பானுகள்.

நம்மட நாட்டைச் சுத்திக் கடல். அடுத்த நாட்டோட பங்கு போட ஒரு வேலி இல்ல. 1974இலயும் 1976இலயும் இந்தியாவும் நம்மளும் தண்ணிக்குள்ள கோடு கீறினதோட சரி. இந்த மட்டக்களப்புப் புளியந்தீவில 1628இல போர்த்துக்கேயன் கோட்டை கட்டினான், 1638இல ஒல்லாந்தன் வந்து அதைப் பிடிச்சான். ரெண்டு பேரும் வரக்குள்ள ஒருத்தரும் விசா கேட்கல்ல. அதனால எல்லையே இல்லாத சனம் நாம எண்டு நினைச்சிடாத.

அந்தா, வாவிக்கு அங்கால தெரியுதே, படுவான்கரை. இங்கால எழுவான்கரை. நடுவில 56 கிலோமீற்றர் நீளத்துக்குத் தண்ணி. சண்டைக்காலத்தில, 2007 வரைக்கும், அந்தக் கரை புலிகளிட கையில, இந்தக் கரை அரசாங்கத்திட கையில. வவுணதீவுப் பக்கம் போனா இங்க ஒரு சென்றி, அங்கால போனா அவங்கட சென்றி. இவன் "ஏன் போறாய்?" எண்டுவான், அவன் "ஏன் வாறாய்?" எண்டுவான். விதைச்சது என்ட நெல்லு, அதை வெட்டப் போறதுக்கு அடையாள அட்டை! டோர்ச்சுக்குப் பற்றரி கொண்டு போக ஏலாது, வயலுக்கு யூரியா கொண்டு போக ஏலாது. கப்பல் ஏறாம நான் போய்வந்த வெளிநாடு அதுதான் மனே. உன்ட இந்தச் சாமானை, ஆள் நீளத்தில, கறுப்பு உறைக்குள்ள, கூர் மூக்கோட, அந்த நாளையில தோளில வச்சிக்கொண்டு வந்திருந்தியெண்டா, ரெண்டு கரையிலயும் குப்புறப் படுத்திருப்பானுகள். நீ நடுவில நிண்டு "சேர்பிங், சேர்பிங்" எண்டு கத்தியிருப்பாய்.

இப்ப மண்முனையில பாலம் வந்திட்டு, 2014இல. இயந்திரப் பாதைக்குக் காத்து நிண்ட துறையைச் சர்ரெண்டு தாண்டிப் போறானுகள். நல்லதுதான். ஆனா பாலத்தில ஏறக்குள்ள என்ட கை இப்பவும் சட்டைப் பையில அட்டையைத் தடவும். உனக்கு அது வராது, வரவும் வேணாம்.

மறுகா, அறுகம்குடாவுக்கு வழி கேட்டாய். தெற்கால கிறுகு. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்லாறு. பெரியநீலாவணையில மாவட்டம் மாறும்; நித்திரை கொண்டியெண்டா தெரியாது. 1961 வரைக்கும் அறுகம்குடாவும் மட்டக்களப்புத்தான். பிறகு அம்பாறை எண்டு பிரிச்சானுகள். கடல் கிடந்த இடத்திலயே கிடந்தது, கச்சேரிதான் எழும்பி நடந்தது. முத்திரை குத்த ஆளில்லையே எண்டு கவலைப்படாத. பஸ்ஸில கண்டக்டர் பலகைக்கும் ஒரு டிக்கெட் கிழிப்பான். சுங்கவரி எண்டு நினைச்சுக் குடு.

சித்திரையில இருந்து ஐப்பசி வரைக்கும்தான் அங்க அலை. வலக்கைப் பக்கமா நீளத்துக்கு உடையும் எண்டுதான் வெள்ளைக்காரன் கண்டம் தாண்டி வாறான். வாடை தொடங்கினா அலை வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் போயிடும். அதுக்கு ஒரு பத்திரமும் வேணாம். அலை இல்லாத நாளில நம்மட வாவியில இறங்கிப் பழகலாம் எண்டு யோசிக்காத. முதலைக்குச் செங்கன் தெரியாது. தெற்கால உகந்தையைத் தாண்டியும் போகாத. அங்க காட்டு வாசல். கதிர்காமத்துக்கு நடக்கிற சாமிமாருக்கு வருசத்தில கொஞ்ச நாள் திறப்பானுகள். அதுக்குப் பலகை காணாது, வேல் வேணும்.

இதெல்லாம் சின்ன எல்லை. வழியில திருக்கோவில் வரும். கும்பிட்டுப் போவம் எண்டு இறங்குவாய். கோயில் வாசலில ஒரு கிழவி மறிப்பா. எந்த ஊர் எண்டுவா. சுவிஸ் எண்டா சிரிப்பா. "அது கிடக்கட்டும் மனே, நீ என்ன குடி?" எண்டுவா. சிவப்புப் புத்தகத்தில அதுக்கொரு பக்கம் இல்ல. என்னட்டக் கேட்காத. இங்க குடி எண்டா வம்சம், அது தாய்வழி. நான் உன்ட அப்பாட அப்பன், என்ட குடி உனக்குச் செல்லாது. இப்பவே அம்மாக்கு வாட்ஸ்அப்பில கோல் எடு. அவவுக்கும் தெரியாட்டி அம்மம்மாட்டக் கேட்டுச் சொல்லச் சொல்லு. கெதியா, பஸ் பத்து மணிக்கு.