புருவத்தில் வருஷம் பார்க்கும் அக்கா

லகாட்டில் மேக்கப் அக்கா வீட்டுக்கு வழி கேட்டால் கோப்பிக்கடைச் சீனரே கை காட்டுவார். அக்கா ஒருவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஈயமும் ரப்பரும் ஓய்ந்துபோன, மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில் குடியிருப்புத் தாமானுக்கு ஒருவர் இருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து, ஈப்போவில் ஆறு மாதம் தொழில் கற்று, முன்வாசல் அறையில் ஒரு நிலைக்கண்ணாடியை மாட்டியவர்கள்.

இந்த லகாட் அக்காவின் அம்மாவுக்கு ஒப்பனை என்றால் விபூதியும் கியூட்டிகுரா பவுடரும்தான். பவுடர்கூடத் தீபாவளிக்குத்தான். விடியுமுன் பால்மரம் சீவப் போகிறவளைக் கொசுவைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள்?

மணப்பெண்ணுக்கு முகம் பூசுவது அக்காவின் தொழில். அவருடைய வித்தை வேறு. எந்த ஆல்பத்தைக் கொடுத்தாலும் புருவத்தையும் இமையையும் பார்த்து வருஷம் சொல்லிவிடுவார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி, வந்தவளின் புருவத்தை வழித்துக்கொண்டே சொல்வார். பேச்சில் பாதி எழுத்து பல்லிலேயே மாட்டிக்கொள்ளும்.

“இது எங்க பாட்டி, அக்கா.”

“கண்ணோரம் மை வாலு நீட்டிக்கிட்டு இருக்கா? சரோஜாதேவி காலம். அறுபத்தஞ்சுன்னு வச்சுக்க.”

படத்தைத் திருப்பினால் ஸ்டூடியோ முத்திரையில் 1965. பேத்தி வாயைப் பிளந்தாள். அதனால் புருவமும் கோணலாகிவிட்டது.

அடுத்து ஒரு கலர் படம். இமை முழுக்க நீலம், கன்னத்தில் ரோஸ்.

“எண்பத்தஞ்சுக்கு முந்தி. அதுக்கப்புறம் நீலம் கிடையாது.”

“ஏன்?”

“ஈயம் விழுந்திடுச்சுல்ல. நீலம் பூசக் காசு ஏது?”

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் லண்டனில் கையை விரித்தது. விலை சரிந்தது, இங்கே லம்பங்கள் என்ற ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பொருளாதார நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதிய சங்கதியை அக்கா ஓர் இமையில் முடித்துவிட்டார். ஆனால் அந்தப் படம் 1989இல் எடுத்தது என்று பெண்ணின் தாயார் அடித்துச் சொன்னார். அக்கா அசரவில்லை. “பழைய டப்பாவில மிச்சம் இருந்திருக்கும்.”

தொண்ணூறுகளைப் பற்றி அக்காவிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டும். 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, ஐஸ்வர்யா ராய் உலக அழகி. 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. அந்தக் காலத்தில் உதட்டில் பழுப்பு, அதைச் சுற்றி இன்னும் கறுத்த பழுப்பில் கரை. கண்ணுக்கு மேலே நூல் மாதிரி ஒரு கோடு, அதற்குப் பெயர் புருவம். லகாட் வட்டாரத்துப் புருவங்களில் பாதியை அக்காவின் நூல்தான் அறுவடை செய்தது. பலருக்கு அது திரும்ப முளைக்கவே இல்லை. இருபது வருஷம் கழித்துக் கம்பளிப்பூச்சிப் புருவம் நாகரிகமானபோது, அதே பெண்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்துகொண்டு போனார்கள். பிடுங்கியதற்கும் கூலி, நட்டதற்கும் கூலி. தோட்டத்தில்கூட இப்படி நடந்ததில்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் உதடுகளெல்லாம் முகக்கவசத்துக்குள் போய்விட்டன. லிப்ஸ்டிக் பெட்டியில் தூங்கியது, கண் மை மட்டும் ஓடியது. “வருங்காலத்துல ஆல்பம் பாக்கிறவன் என்ன நினைப்பான்? இவளுங்களுக்கு மூக்குக்குக் கீழ ஒண்ணுமே இல்லைன்னு நினைப்பான்” என்று அக்கா கவலைப்பட்டார்.

இப்போது வரும் பெண்கள் கைப்பேசியை நீட்டுகிறார்கள். “மேக்கப் போட்டதே தெரியக் கூடாது, அக்கா.” அதற்கு மூன்று மணி நேரம் ஆகிறது.

“தெரியக் கூடாதுன்னா வீட்டுல மூஞ்சியைக் கழுவிட்டுப் போக வேண்டியதுதானே! எனக்கு எதுக்குடி காசு?” என்று கேட்டுக்கொண்டே ஃபவுண்டேஷனைத் திறப்பார்.

நிலைக்கண்ணாடிக்கு மேலே அக்காவின் கல்யாணப் படம் தொங்குகிறது. நூல் புருவம், பழுப்பு உதடு. கீழே தொழில் செய்துகொண்டிருக்கும் அக்காவுக்கும் இன்றுவரை அதே நூல் புருவம், அதே பழுப்பு உதடு. ஊரார் முகத்தையெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியவர், தன் முகத்தைத் தாலி ஏறிய அன்றே நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன். “எனக்கு இதுதான் எடுப்பு” என்றார், நூலைக் கடித்தபடி.

வயதைக் குறைத்துச் சொல்லி வைத்திருக்கும் பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை: லகாட் பக்கம் போனால் கல்யாண ஆல்பத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.