முன்னேரு கவுந்தா என்ன?

ஏலே பேராண்டி, தாமஸ் கோப்பை பேட்மிண்டனை எப்படிப் பாக்கணும்னு என்கிட்ட வந்து கேக்கியே, உனக்கு வேற ஆளு கிடைக்கலியா? ஆக்கி மட்டையோட திரிஞ்ச கோவில்பட்டிக்காரன் நான். ஷட்டிலைக் கோழி இறகுல செய்யுதான்னு நெனச்சவன். வாத்து இறகாம்லே, ஒரு பந்துக்குப் பதினாறு!

கேட்டுட்டே, சொல்லுதேன். மொத ஆட்டம் தோத்ததும் ரிமோட்டை வீசிட்டுக் கெளம்பிரு. அதுல உன்னைய அடிச்சிக்க ஆளில்ல.

2022, பாங்காக், அரையிறுதி. ஞாபகம் இருக்கா? டென்மார்க்குக்காரன் ஆக்செல்சன்கிட்ட நம்ம லக்ஷ்யா சென் தோத்தான். “போச்சு, எல்லாம் போச்சு”ன்னுட்டு நீ புரோட்டா கடைக்கு வண்டியை முறுக்கிட்டே. டிவியை அணைக்கக்கூட இல்ல. எந்திரிச்சி அணைக்க எனக்கு முட்டி இடம் கொடுக்கல. வெத்தலையை இடிச்சிக்கிட்டே உக்காந்து பாத்தேன். மத்தபடி எனக்கு என்ன விவரம் தெரியும்?

ஒத்தையா மூணு, சோடியா ரெண்டு, ஆக அஞ்சு ஆட்டம். மூணு யாரு எடுக்கானோ அவனுக்கு வெற்றி. முன்னேரு போன வழியே பின்னேருன்னு நம்ம ஊருல சொல்லுவோம்லா? அங்க முன்னேரு கவுந்து கெடக்கு, பின்னால வாரவன் பாட்டுக்கு உழுதுட்டுப் போறான்! சாத்விக்–சிராக் சோடி ஒண்ணைப் புடிச்சிது. ஸ்ரீகாந்த் ஆன்டன்சனை மடக்குனான். ரெண்டாவது சோடி கோட்டை விட்டுட்டு. ரெண்டுக்கு ரெண்டு. கடைசியா வந்தவன் பிரணாய். காலிறுதியில மலேசியாகிட்டயும் இதே ரெண்டுக்கு ரெண்டுதான். அன்னைக்கும் கரை சேத்தவன் அவன்தான். இங்க வழுக்கி விழுந்து கணுக்காலைத் திருப்பிக்கிட்டான். மொத கேமு 13–21 போயிட்டு. நொண்டிக்கிட்டே 21–9, 21–12. எனக்கு வெத்தலை தொண்டையில சிக்கிட்டுலே!

நீ சால்னா வாசத்தோட வந்து, “ஜெயிச்சிட்டமா? நான் அப்பவே சொன்னேன்லா”ன்னே. எப்பச் சொன்னே? குரூப்பு ஆட்டத்துல தைவான்காரன்கிட்ட 2–3ன்னு தோத்தப்பவா? அன்னைக்கு “இவனுவ தேற மாட்டானுவ”ன்னு ஸ்டேட்டஸ் போட்டே. எனக்குக் கண்ணாடி இருக்குலே.

இறுதி ஆட்டம் இந்தோனேசியாகூட. அவன் பதினாலு கப்பு அடுக்கி வச்சிருக்கவன். நம்ம பயக்களுக்கு அதுதான் மொத இறுதி. லக்ஷ்யா மொத கேமை 8–21ன்னு விட்டான்; உன் வண்டிச் சத்தம் தெருமுனையில கேட்டுச்சி. கறிக்கொழம்புகூட உன்னைய நிறுத்தல. அவன் பாட்டுக்கு அடுத்த ரெண்டையும் எடுத்துட்டான். சாத்விக்–சிராக்கும் மொத கேமை விட்டுட்டுத்தான் 23–21, 21–19ன்னு இழுத்துப் புடிச்சானுவ. மூணாவதா வந்த ஸ்ரீகாந்த், ஜொனாதன் கிறிஸ்டியை ரெண்டே கேமுல முடிச்சிட்டான். மூணுக்கு சைபர். ரெண்டு வாட்டி கரை சேத்த பிரணாயிக்கு அன்னைக்கு மட்டையெடுக்க வேலையே இல்ல. ஓரமா நின்னு கத்துனான், பாவம். உன்னைய மாதிரி ஊரு சுத்தப் போகல.

அதுக்கப்புறம்தான் உனக்குப் புத்தி வந்துச்சி. 2024ல, சீனாவுல செங்டுவுல நடந்தப்ப, காலிறுதிக்குச் சம்மணம் போட்டு உக்காந்தே. அசையல, கொள்ளல. தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல. என்னாச்சி? கப்பு வச்சிருந்த நம்மளச் சீனாக்காரன் 3–1ன்னு அனுப்பி வச்சிட்டான்.

அதனால, நல்லா யோசிச்சித்தான் சொல்லுதேன். அடுத்த வாட்டி மொத ஆட்டம் சாயுற மாதிரி தெரிஞ்சா ஒரு நொடிகூட நிக்காத. நேரா கடைக்குப் போ. எனக்கு ரெண்டு புரோட்டா, சால்னா தனியா. வர அவசரமே இல்ல, என்ன?