கிடங்கு வாங்கப் போற பேரனுக்கு

கம்பெனிக்கு டேட்டா வேர்ஹவுஸ் வாங்கப் போறீங்களாமே கண்ணு. நல்லா வாங்குங்க. அப்புச்சி சொல்றபடி வாங்கினா உன் வேலைக்கு ஆயுசு கெட்டி. இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? கொரோனாவுலருந்து நீ திண்ணையில உக்காந்து போன்ல கத்துறது தோட்டம் முழுக்கக் கேக்குது சாமி.

மொதல்ல, "விற்பனைன்னா என்ன?"ன்னு யாரையும் கேட்டுப்புடாதே. ஆர்டர் வந்தாலே விற்பனைம்பான் மார்க்கெட்டிங்காரன். இன்வாய்ஸ் போட்டாத்தான்னு சொல்லும் அக்கவுண்ட்ஸ் அம்மா. லாரி கேட்டைத் தாண்டணும்பான் குடோன்காரன். திரும்பி வந்த சரக்கை எந்த மாசத்துல கழிக்கிறதுன்னு கேட்டுப் பாரு, மூணு பேரும் ஒண்ணு சேந்து உன்னை அடிக்க வருவாங்க. அந்தப் பஞ்சாயத்து உனக்கெதுக்கு? மூணையும் ஒரே இடத்துல கொட்டி, "ஒரே இடம், ஒரே உண்மை"ன்னு ஸ்லைடு போட்டுரு.

பில் இன்மன்னு ஒரு அமெரிக்காக்காரர் இந்த வேர்ஹவுஸைப் பத்தி 1992லயே புத்தகம் போட்டுட்டார். பல சிஸ்டத்துலருந்து வர்றதை ஒரே அர்த்தத்துக்குக் கொண்டாந்து, பழசை அழிக்காம, தேதியோட வெக்கணும்னார். 1996ல ரால்ஃப் கிம்பல் வந்து, மொத்தமாக் கட்டாதீங்க, ஒவ்வொரு வேலையா எடுங்க, நடுவுல தொகை, சுத்தி யாரு, எங்க, எப்பங்கிற டேபிளுங்கன்னார். இதுல யார் சொன்னது சரின்னு ஆபீஸ்ல கிளப்பி விடு, அரை வருஷம் தானா ஓடும். ஒரு சொல்லுக்குக் கம்பெனி பூரா ஒரே அர்த்தம் வேணும்னுதான் ரெண்டு பேருமே சொன்னாங்கங்கிறதை மட்டும் உளறிராதே.

பழசை அழிக்காம வெக்கிறதும் வீண் செலவுதான். சேலத்து சேல்ஸ்மேனை மதுரைக்கு மாத்தினா, டேபிள்ல சேலத்தை அழிச்சு மதுரைன்னு எழுதிரு. போன வருஷம் அவன் சேலத்துல வித்ததெல்லாம் ராத்திரியோட ராத்திரியா மதுரைக்குக் குடி போயிரும். காத்தால சேலம் மேனேஜர் மூஞ்சியைப் பாக்கக் கண்ணு கோடி வேணும்!

கடிகாரத்தையும் தொடாதே. ஸ்னோஃப்ளேக்ங்கிற கிளவுட் வேர்ஹவுஸ் வாங்கினா, நீ மாத்தாத வரைக்கும் அது லாஸ் ஏஞ்சல்ஸ் நேரத்தைத்தான் பாக்கும். ஏப்ரல் 1 காத்தால 10 மணிக்குக் கோயம்புத்தூர்ல பம்ப்செட் ஒண்ணு வித்துச்சுன்னு வை. அங்க அப்போ மார்ச் 31 ராத்திரி ஒம்பதரை. புது வருஷக் கணக்குல வர வேண்டியது பழைய வருஷத்துல போய் உக்காந்துக்கும். ஆடிட்டர் கேட்டா, "கிளவுட் சார்"னு மேல கையைக் காட்டு.

பில் விஷயத்துக்கு வருவோம். தரவை வெச்சுக்கிறதுக்குத் தனி வாடகை, அதைப் போட்டு அலசுற மெஷினுக்குத் தனி வாடகை. இந்தப் பிரிவினைதான் ஸ்னோஃப்ளேக்கோட சூட்சுமம். மெஷின் ஓடுற வினாடிக்குக் காசு, ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் கொறைஞ்சது 60 வினாடி. வாடகைக்கு வந்த ஜேசிபி மண்ணை அள்ளாம உறுமிட்டே நின்னாலும் மீட்டர் ஏறுமில்ல, அதேதான். தானா அணையுற வசதி இருக்குது. அதை எடுத்து விட்டுரு, வெள்ளிக்கெழமை சாயங்காலம் வீட்டுக்குப் போ. பிக்குவெரிங்கிற இன்னொரு கிளவுட் வேர்ஹவுஸ்னா இன்னும் சொகம். படிக்கிற அளவுக்குக் காசுங்கிற கணக்குல, செலக்ட் ஸ்டார் போட்டு லிமிட் 10ன்னு எழுது. சாதாரண டேபிள்னா பத்து வரியைக் காட்டிட்டு, முழுசையும் படிச்ச காசை வாங்கிக்கும்.

முதலாளி பில்லைப் பாத்து மொகஞ்சுளிச்சா, பீர்-டயாபர் கதையை எடுத்து விடு. வால்மார்ட்டுன்னே சொல்லு, ஊரே அப்படித்தான் சொல்லுது. நெசத்துல அது ஆஸ்கோ டிரக்ங்கிற மருந்துக் கடைகளுக்காக 1992 வாக்குல, வேர்ஹவுஸ் விக்கிற டெராடேட்டா ஆளுங்க போட்ட கணக்கு. சாயங்காலம் 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவுல ரெண்டும் சேந்து விக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. சரி, அதைக் கேட்டுட்டுக் கடைக்காரங்க பீரை டயாபர் பக்கத்துல கொண்டுபோய் வெச்சாங்களா? வெக்கலை. இந்தக் கடைசி வரியைக் கூட்டத்துல சொல்லாதே. வேர்ஹவுஸ் விக்கிறவன் பொழப்பே அதுக்கு முந்தின வரியிலதான் ஓடுது.

டாஷ்போர்டை வஞ்சனையில்லாமப் போட்டுக் குடு. கலர் கலரா இருக்கட்டும். எல்லாரும் மூலையில இருக்குற எக்செல் பட்டனைத்தான் அமுக்குவாங்க. அக்கவுண்ட்ஸ் அம்மா அதை டவுன்லோடு பண்ணி, தன் பழைய ஷீட்ல ஒட்டி, ரெண்டு வரியைக் கையால திருத்தி, முதலாளிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பும். கூட்டத்துல பேசுறது அந்த நம்பரைத்தான்.

யாரு எந்த ரிப்போர்ட்டைத் தொறக்குறாங்கன்னு சிஸ்டமே எழுதி வெச்சிருக்கும். அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே. புதுசா சேந்த புள்ள ஒண்ணு, "அண்ணா, பத்து ரிப்போர்ட்டை ஒரு வாரம் நிறுத்திப் பாக்கலாமா? யாராவது கேக்குறாங்களான்னு தெரியும்"னு சொல்லும். அப்பவே அதட்டி உக்கார வை. யாரும் கேக்கலைன்னா மாசப் பில் கொறைஞ்சிரும். பொறகு, அடுத்து எதை நிறுத்தலாம்னு அக்கவுண்ட்ஸ் அம்மா தேடும்போது பார்வை உன் மேலதான் வந்து நிக்கும்.