இளையராஜாவைக் கூட்டி வைத்த கதை

ஸ்விண்டன், இங்கிலாந்து,
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். என் கார்தான் நலமில்லை. போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதால் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவிஎஸ் 50ஐ வாசலில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பீர்களே, சைலன்ஸரைக் கழற்றிக் கரி எடுப்பீர்களே, அப்போதெல்லாம் “வண்டி உங்களுக்கா, நீங்க வண்டிக்கா?” என்று கேட்டவன் நான். அந்தக் கேள்வியை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே நான் வாங்கியிருப்பது பன்னிரண்டு வயசுக் கார். 1,400 பவுண்டு. நைட் ஷிஃப்ட் முடிந்து வர பஸ் இல்லாததால் வாங்கினேன். மூன்று வயசு தாண்டிய கார் வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்று ஒரு பரீட்சை எழுத வேண்டும். இதை 1960இல் ஆரம்பித்தது இந்த நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம், அதாவது ‘மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட்’. அமைச்சகத்தின் பெயர் மாறிவிட்டது, பரீட்சைக்கு அந்தப் பழைய இனிஷியலே தங்கிவிட்டது. கட்டணம் அதிகபட்சம் 54 பவுண்டு 85 பென்ஸ். எழுதாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

மார்ச்சில் என் கார் பாஸ். தாளின் அடியில் ‘அட்வைசரி’ என்று ஒரு வரி: முன் பிரேக் பேட் தேய்ந்து வருகிறது. ‘பாஸ்’ என்ற வார்த்தைக்குக் கீழே நான் எதையும் படிப்பதில்லை என்பது என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட உங்களுக்குத் தெரியும். அந்தச் சோதனையில் எஞ்சினையும் கிளட்சையும் கியர்பாக்ஸையும் பார்ப்பதே இல்லையாம். இன்றைக்கு ரோட்டில் போகலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஒரு வருஷ கியாரண்டி என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம். பேடில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்த வேண்டும் என்றே வைத்தது. கார் வாய்விட்டுக் கேட்டது, நான் இளையராஜாவைக் கூட்டி வைத்தேன். செப்டம்பரில் சத்தம் மாறி, மிக்ஸியில் கொட்டாங்குச்சியைப் போட்ட மாதிரி கரகரவென்று வந்தது. இளையராஜாவால் அதை மூட முடியவில்லை.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். டிஸ்க் முழுக்க கிராமபோன் தட்டு மாதிரி வரிவரியாகப் பள்ளம். பேட் மட்டும் என்றால் நூறு பவுண்டோடு போயிருக்கும். டிஸ்க்கும் சேர்ந்து 260 பழுத்தது. நம் தெரு மரத்தடி மெக்கானிக்கிடம் “பார்த்துப் போட்டுக் குடுங்கண்ணே” என்று நிற்கலாம். இங்கே மணிக்கு இவ்வளவு என்று கூலி, டீ வாங்கிக் கொடுத்தாலும் குறையாது.

அன்றிலிருந்து நான் நீங்கள் ஆகிவிட்டேன். ஞாயிறு காலையில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து ஆயில் பார்க்கிறேன், காற்று பார்க்கிறேன். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம். நாலுக்கும் போட்டால் 10,000. அந்தக் காசில் இதே மாதிரி ஏழு கார் வாங்கலாம்.

டயரைப் பார்க்க 20 பென்ஸ் காசு போதும். பள்ளத்தில் செருகினால் காசின் ஓர வளையம் வெளியே தெரியக் கூடாது. போன வாரம் கடை வாசலில் குத்தவைத்து இதைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு பாட்டி, நான் காசைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, தானும் குனிந்து காருக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார். விளக்குவதற்குள் தன் பையிலிருந்து 20 பென்ஸ் எடுத்து நீட்டினார். வாங்கவில்லை, நம்புங்கள்.

சம்பளத்தன்று 30 பவுண்டு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுகிறேன், கார் செலவுக்கென்று. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், அது காரின் அடிவயிற்றைத் துருவாக்கிவிடும். அதைக் கழுவுவது அடுத்த வேலை.

260 பவுண்டை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். பார்த்தாலும் தொகையை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்