ஸ்டெப்னித் துப்பாக்கி

நான் எதையும் ஒற்றையாக வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. மூக்குக்கண்ணாடி இரண்டு. வீட்டுச் சாவி மூன்று. மூன்றாவது பக்கத்து வீட்டுக்காரரிடம். மிக்சி கெட்டுப்போனால் இன்னொரு மிக்சி, அதுவும் கெட்டுப்போனால் அம்மி. விமானத்தில் அனுமதிக்கிற எடையில் பாதியை அந்த அம்மிக்கே கொடுத்துவிட்டு, வேட்டி சட்டையைக் கைப்பையில் திணித்துக்கொண்டு வந்தவன் நான். இப்படிப்பட்டவன் டாலஸ் பக்கம் வீடு வாங்கி, குடியுரிமை வாங்கி, ஊர் வழக்கத்தை அனுசரித்து இடுப்புக்கு ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கிவிட்டால், அதற்கு ஒரு ஸ்டெப்னி இல்லாமல் ராத்திரி தூக்கம் எப்படி வரும்?

ஊர் வழக்கம் என்று சும்மா சொல்லவில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத் தடை எதுவும் இல்லாத எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். சட்டைக்குள் மறைத்தும் போகலாம், உறையில் போட்டு வெளியே தெரியும்படியும் போகலாம். எனக்கு இரண்டாவது வழி சரிப்படாது. உறையை எங்கே மாட்டினாலும் தொப்பை அதன்மேல் கவிந்து தானாகவே மறைத்துவிடுகிறது. உரிமமே வேண்டாம் என்று சட்டம் வந்த பிறகு நான் போய் உரிமம் எடுத்தேன். வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, கைரேகை கொடுத்து வாங்கினேன். சட்டத்துக்கும் ஒரு ஸ்டெப்னி இருக்கட்டுமே.

துப்பாக்கிக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. இரண்டு இருந்தால் ஒன்று; ஒன்று இருந்தால் ஒன்றுமே இல்லை. முதல் துப்பாக்கி சிக்கிக்கொண்டால்? தோட்டா தீர்ந்தால்? எவனாவது பிடுங்கிக்கொண்டால்? அதனால் சின்னதாக இன்னொன்று. என் நண்பர் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், இந்தக் கணக்கைச் சொன்ன அன்றைக்கே நான் மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளக்கினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "ஏங்க, இந்தக் கணக்கு பட்டுப் புடவைக்கும் வருமா?" என்று கேட்டாள். பாதுகாப்பு பற்றிய பேச்சு அன்று அதோடு முடிந்தது.

இரண்டாவது துப்பாக்கி உண்மையில் போலீஸ்காரர்களின் சமாசாரம். 1960களின் கடைசியில் நியூயார்க் போலீஸில் ஒரு தனிப் பிரிவு இருந்தது. கொள்ளையர் வரக்கூடிய கடைகளின் பின்னறையில் ஒளிந்து காத்திருப்பது அவர்கள் வேலை. அந்தக் காலத்து ரிவால்வரில் ஆறு தோட்டா. எதிராளி சுடும்போது நடுங்குகிற விரல்களால் ஒவ்வொன்றாகத் திரும்ப நிரப்புவதைவிட, இன்னொரு ரிவால்வரை உருவுவது சீக்கிரம் முடிகிற வேலை. அதற்கு 'நியூயார்க் ரீலோட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பிரிவிலிருந்த ஜிம் சிரில்லோவின் பெயரைத் துப்பாக்கிக்காரர்கள் இன்றைக்கும் பயபக்தியோடு சொல்வார்கள். நான் போய்வருகிற பாதை வேறு. வீடு, அலுவலகம், காஸ்ட்கோ, கோயில், மகளின் பரதநாட்டிய வகுப்பு. இந்தப் பாதையில் என்னைத் தாக்கியது இதுவரை ஒன்றுதான்: புல் உயரமாக வளர்ந்துவிட்டது என்று குடியிருப்போர் சங்கம் அனுப்பிய கடிதம். அதற்கு ரீலோட் தேவைப்படவில்லை. காசோலை போதுமானதாக இருந்தது.

ஆனாலும் சரித்திரம் என் பக்கம் இருந்தது. 1865 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டன் ஃபோர்டு தியேட்டரில் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தின் கையில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற டெரிஞ்சர். ஒரே ஒரு குண்டு. அது தீர்ந்ததும் அவன் கத்தியை எடுத்தான், பக்கத்திலிருந்த ராணுவ மேஜரைக் குத்திவிட்டு மேடையில் குதித்தான். பாதகனுக்குக்கூட மாற்று ஏற்பாடு இருந்திருக்கிறது. நம் பழைய தமிழ்ப் படங்களின் வில்லன்களுக்குத்தான் அந்த யோசனை வரவே இல்லை. தோட்டா தீர்ந்ததும் துப்பாக்கியையே கதாநாயகன் மேல் வீசி எறிவார்கள், அவர் குனிந்துகொள்வார். கணுக்காலில் இன்னொன்று கட்டியிருந்தால் எத்தனையோ படம் இடைவேளையோடு முடிந்திருக்கும்.

ஜேம்ஸ் பாண்டுக்கு ஆசை இருந்தது. 1962இல் வந்த 'டாக்டர் நோ'வில் மேலதிகாரி அவருடைய பழைய பெரெட்டாவைப் பிடுங்கிக்கொண்டு, வால்தர் பிபிகே ஒன்றைக் கொடுக்க வைப்பார். பாண்ட் புதியதை வாங்கிக்கொண்டு பழையதையும் சேர்த்து நைசாக நகர்த்தப் பார்ப்பார். மேலதிகாரி தலையை நிமிர்த்தாமலே பழையதை வைத்துவிட்டுப் போகச் சொல்வார். பாண்டுக்கே இரண்டுக்கு அனுமதி இல்லை. என் மேலிடமும் வெங்காயம் நறுக்கும்போது தலையை நிமிர்த்துவதில்லை.

எப்படியோ ஒரு சனிக்கிழமை அண்ணாச்சியோடு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். ரப்பர் விரிப்பின்மேல் மூன்றை எடுத்து வைத்தார், ஒவ்வொன்றையும் திறந்து காலியாக இருக்கிறதா என்று தானும் பார்த்து எனக்கும் காட்டிவிட்டு.

முதலாவது ரூகர் எல்சிபி, 2008இல் வந்தது. காலியாக இருந்தால் எடை 270 கிராம் அளவுதான்; நம் வீட்டு இட்லிக் கரண்டிக்குக்கூட இதைவிடப் பாரம் அதிகம். .380 தோட்டா, உள்ளே ஆறு, குழாயில் ஒன்று. இரண்டாவது சிக் சாவர் பி365. 2018இல் இது வந்தபோது துப்பாக்கி உலகமே வாயைப் பிளந்தது. இத்தனை சின்ன உடம்பில் 9 மில்லிமீட்டர் தோட்டா பத்தும் குழாயில் ஒன்றும் அடக்கிவிட்டார்கள். எடை அரைக் கிலோ. மூன்றாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ஐந்தே தோட்டா பிடிக்கிற .38 ரிவால்வர். 1950இல் வந்த 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' வம்சம். நாலு தலைமுறைப் போலீஸ்காரர்களின் கணுக்காலையும் கோட்டுப் பையையும் பார்த்த குடும்பம்.

நான் உடனே எல்சிபியைக் கையில் எடுத்தேன். இருப்பதே தெரியவில்லை. "இதுதான்" என்றேன். அண்ணாச்சி சிரித்தார். "தம்பி, சின்னதுன்னா சாதுன்னு நெனைக்காதீய. சின்னதுதான் உதைக்கும்." நியூட்டனைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தோட்டா முன்னே போகிற உந்தத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே வருகிறது. துப்பாக்கி லேசானால் அந்த உதையைக் கைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். பையில் போட்டுக்கொள்ள எது எது சுகமோ, அது அத்தனையும் சுடும்போது துக்கம். இந்த வியாபாரத்தின் உள்ரகசியம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளம்பரம்.

பக்கத்திலேயே சுடுதளம். வாடகைக்கு ஒரு குட்டித் துப்பாக்கியை வாங்கி, காதுக்கும் கண்ணுக்கும் கவசம் மாட்டிக்கொண்டு, ஏழு கஜ தூரத்தில் காகித மனிதனைத் தொங்கவிட்டேன். குறி பார்க்கிற மேடுகள், பையில் சிக்காமல் இருப்பதற்காக, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் தேய்ந்திருந்தன. என் வயதில் முன் மேடு தெளிவாகத் தெரிந்தால் காகித மனிதன் மங்குகிறான்; அவன் தெரிந்தால் மேடு மறைகிறது. இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருப்பவனுக்கு இந்த நிலைமை. சுட்டு முடித்துக் காகிதத்தை இழுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஓரத்தில் அச்சடித்திருந்த கம்பெனியின் பெயரைத்தான் கந்தலாக்கியிருந்தேன். கை மட்டும் சாயங்காலம் வரை விண்விண் என்றது.

சரி, ரிவால்வரையாவது பார்ப்போம் என்று 642க்கு வந்தேன். இதன் சுத்தியல் உடம்புக்குள்ளேயே மறைந்திருப்பதால் உருவும்போது துணியில் மாட்டாது. தானியங்கித் துப்பாக்கியின் மேல்பாகம் சுடும்போது பின்னால் போய்வர இடம் வேண்டும். எதிராளி கட்டிப் புரளுகிற நெருக்கத்தில் முனையை அவன்மேல் அழுத்தினால் அந்தப் பாகம் லேசாகப் பின்னுக்கு நகர்ந்து சுடாமலே நின்றுவிடலாம். ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு விசை கனம். ஐந்து கிலோ அளவுக்கு ஆள்காட்டி விரலால் இழுக்க வேண்டும், அதுவும் முனை ஆடாமல். நான் காலித் துப்பாக்கியில் இழுத்துப் பார்த்தேன். விசை வருவதற்குள் என் முகம் கோணிக்கொண்டு போனதைப் பார்த்துத் தாடிக்காரர் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்.

கிளாக்காரர்களின் தர்க்கம் இன்னொன்று. முதல் துப்பாக்கி கிளாக் 19 என்றால் குட்டித் துப்பாக்கி கிளாக் 26 ஆக இருக்கட்டும். பெரியதன் மேகசின் குட்டிக்கும் பொருந்தும். ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம்தான். என்னிடம் இருப்பதும் 19தான். ஆனால் 26ஐ இடுப்பின் மறுபக்கம் வைத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் புடைத்து, கடைக் கண்ணாடியில் சிவில் எஞ்சினியர் யாரோ தாங்குதூண் கொடுத்த கட்டடம் தெரிந்தது.

எதை வாங்குவது என்பதைவிடப் பெரிய கேள்வி அதை எங்கே ஒளிப்பது. கணுக்கால் உறை என்று ஒன்று உண்டு. காரில் உட்கார்ந்திருக்கும்போது கைக்கு எட்டும். நிற்கும்போது எடுக்க வேண்டுமானால் மண்டியிட்டுக் கால்சட்டையைத் தூக்க வேண்டும். நான் மண்டியிட்டால் எழுவதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டும்; வழிப்பறிக்காரனிடம் அந்த உதவியைக் கேட்பது முறையல்ல. தவிரவும், டாலஸ் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஜூலையில் ஆண் வர்க்கம் முழுவதும் அரைக்கால் சட்டையில்தான் திரிகிறது. வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற எலாஸ்டிக் பட்டை இருக்கிறது. அதைக் கட்டிய நாளில் சாப்பிடக் கூடாது, நான் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டினேன்.

மிச்சம் பை. பைக்கென்று தனி உறை உண்டு. விசையை அது மூடியிருக்க வேண்டும், அந்தப் பையில் வேறு எந்தச் சாமானும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, பேனா எதுவும். விசைக்குள் எதாவது நுழைந்தால் தொடைக்கு ஆபத்து. பஞ்சு தூசியும் சேரும், அடிக்கடி துடைக்க வேண்டும். என் கால்சட்டைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். திருநீற்றுப் பொட்டலம், கிராம்பு, ஹால்ஸ் மிட்டாய், காஸ்ட்கோ ரசீது. இவற்றுக்கெல்லாம் புது இடம் தேட வேண்டியிருந்தது. துப்பாக்கிக்கு இடம் கண்டுபிடித்தேன். கிராம்புக்கு இன்னும் கிடைக்கவில்லை.

உண்மையில் நம் முன்னோர்கள் இந்த விஷயத்தை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். தாத்தாவின் பட்டாப்பட்டி டிராயரில் ஒரு பை இருக்குமே, வேட்டியை விலக்கினால்தான் கைக்கு வரும், நெல் விற்ற பணம் மொத்தமும் அதில் போய்விடும். வெளியே ஒரு சுருக்கம் தெரியாது. லாரி டிரைவர்கள் லுங்கிமேல் கட்டுகிற அகல பச்சை பெல்ட்டும் அப்படித்தான். அமெரிக்காக்காரன் தோலிலும் பிளாஸ்டிக்கிலும் ஆயிரம் வகை உறை செய்து விற்கிறான். அவற்றில் ஒரு டப்பா நிறைய வாங்கி, ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் குத்துகிறது என்று மூலையில் போட்டு வைத்திருக்கிறேன். பட்டாப்பட்டியை யாரும் அவர்களிடம் காட்டவில்லை.

கோயிலுக்குப் போகும்போது இந்தக் கேள்வி முற்றும். 2019இல் டெக்சஸ் சட்டத்தைத் திருத்தி, வழிபாட்டுத் தலங்களுக்கு இருந்த தனித் தடையை எடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று நிர்வாகம் நினைத்தால் சொல்ல வேண்டும். அதற்கு வைக்கிற பலகையில் எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதியிருக்க வேண்டும். சுவாமிக்குத் தமிழும் சமஸ்கிருதமும் தெரிந்து என்ன பயன்? பலகை ஒரு பக்கம் இருக்கட்டும். மேல்சட்டையைக் கழற்றி, வேட்டி கட்டி, சாஷ்டாங்கமாக விழுகிறவன் எதை எங்கே மறைப்பது? நான் காரிலேயே பூட்டிவிட்டுப் போய்விடுகிறேன். பகவானிடமாவது ஸ்டெப்னி இல்லாமல் நிற்கலாம்.

இன்னொன்றை அண்ணாச்சி மட்டும்தான் மறைக்காமல் சொன்னார். குட்டித் துப்பாக்கி வாங்கியவர்களில் பாதிப் பேர் கொஞ்ச நாளில் பெரியதை வீட்டிலேயே விட்டுவிடுவார்களாம். தோட்டா நிரப்பிய கிளாக் 19 முக்கால் கிலோவுக்கு மேல். பால் வாங்கப் போவதற்கு அதை யார் கட்டிக்கொண்டு போவது? குட்டி பைக்குள் கிடக்கும், அதுவே போதும் என்று தோன்றும். ஆக ஸ்டெப்னி தார்ரோட்டில் ஓடும், அசல் சக்கரம் டிக்கியில் தூங்கும். "பொறவு அந்தக் குட்டிக்கு ஒரு குட்டி வேணுமுன்னு மனசு கெடந்து அடிக்கும்" என்றார். வீட்டில் பதினைந்து வயசுப் பெண் இருக்கிறாள். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைத்தால் இந்த மாநிலத்தில் குற்றம். ஆகவே பெட்டகத்தில் இன்னொரு தட்டு வேண்டும். அந்தத் தட்டில் ஏற்கெனவே மனைவியின் ஆரம் இருக்கிறது. பேச்சுவார்த்தை நீண்டது. இரண்டாவது பட்டுப் புடவை என்கிற அந்தக் கணக்கு அமலுக்கு வந்த பிறகுதான் தட்டு காலியானது.

642ஐயே எடுத்தேன். விசை கனமாக இருப்பது என்னைப் போன்ற ஆளிடம் இருக்கும் துப்பாக்கிக்கு நல்ல குணம் என்று பட்டது. தாடிக்காரர் படிவம் 4473ஐ நீட்டினார். மத்திய அரசின் படிவம். பொய் எழுதினால் சிறை. பெயரை அடையாள அட்டையில் இருப்பது மாதிரியே எழுத வேண்டும். ஊரில் எனக்கு ஒற்றை எழுத்து இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுத்தபோது அது விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, இங்கே வந்ததும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா தலைமையாசிரியர். தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டு வெடிக்கிற தகரத் துப்பாக்கி கேட்டதற்கு, அதெல்லாம் ரவுடிப் பயல்களுக்கு என்று ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தவர்.

படிவத்தில் ஒரு கேள்வி: இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா? வேறொருவருக்காக வாங்குகிறீர்களா? பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தேன். நான்தான் என்று குறித்தேன். என் உரிமத்தைக் காட்டியதால் எஃப்பிஐக்குத் தனியாகக் கேட்டனுப்புகிற வேலை மிச்சம். பணம் கட்டிவிட்டுத் தள்ளி நின்றிருந்தேன். தாடிக்காரர் பெட்டியைக் கட்டிக் கண்ணாடிமேல் வைத்து, மிஸ்டர் போட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு பெயரைக் கூவினார். நான் அசையவில்லை. அண்ணாச்சி விலாவில் இடித்தார்.

"தம்பி, உங்கப்பாவைக் கூப்புடுதாவ. போயி வாங்குங்க."