இருவர் மிதிக்கும் படகு

கேள்வி: ஏற்காடு ஏரியில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு மூன்றில் எதில் ஏறலாம்?
– வாசகர், ஆத்தூர்

பதில்: கூட வருவது யார் என்பதைப் பொறுத்தது. மாமனார், மாமியார், நாலு வாண்டுகள் என்றால் மோட்டார் படகு. ஏறிய வேகத்தில் இறக்கிவிடுவார்கள், சண்டைக்கு நேரமிருக்காது. கதை பேச ஆசையென்றால் துடுப்புப் படகு. புதுமணத் தம்பதிக்கு மிதிபடகுதான். ஒருவர் மிதிக்க, மற்றவர் மிதிப்பதுபோல் பாவனை செய்ய, நடுவிலுள்ள சுக்கானை ஆளுக்கொரு பக்கம் இழுக்க, படகு தட்டாமாலை சுற்றும். குடும்பம் நடத்த இதைவிட மலிவான பயிற்சி வகுப்பு கிடையாது! முந்தைய ஆளின் ஈரத்தோடு வரும் லைஃப் ஜாக்கெட்டை மட்டும் முகம் சுளிக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதுவும் வெள்ளைக்காரர் வெட்டிய ஏரிதானா?
– வாசகி, தருமபுரி

பதில்: ஊட்டி ஏரிக்கு ஜான் சல்லிவன், கொடைக்கானல் ஏரிக்கு 1863-இல் வீர் ஹென்றி லெவிஞ்ச் என்று கணக்கு உண்டு. ஏற்காட்டுக்கோ, ஏரியும் காடும் சேர்ந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள். வெள்ளைக்காரர் இங்கே விட்டுப்போனது வேறு: 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காபி. படகிலிருந்து இறங்கியதும் சூடாக ஒன்று குடியுங்கள்.

கேள்வி: படகில் தலை சுற்றுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தவருக்கு, அலையில்லாத ஏரி என்ன செய்துவிடும்?