கப்பலேறாத மாலுமி

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுவிட்டு, நான்கு இரவுகளில் திரும்பிவிடும் உல்லாசக் கப்பலில் குடும்பத்தோடு ஒருமுறை போய்வர வேண்டும் என்ற ஆசையை எவர் வீட்டில் எவர் வாய்விட்டுச் சொன்னாலும் சரி, சொன்னவர் வாயை மூடுவதற்குள், "அதை என்னிடம் விட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வரும் பிரகிருதி ஒருவர் அந்த வீட்டில் இருந்தே தீருவார். அவரிடம் விட்டவர்கள் அதன் பிறகு கடல் பார்க்க மெரினாவுக்குப் போய்வருகிறார்கள்.

நான் இதைப் பொதுவாகத்தான் சொல்கிறேன். தனிமனிதர் எவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. இவ்வினத்தார் பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள்; பெரும்பாலும் முத்து முத்தான கையெழுத்து உடையவர்கள்; பெரும்பாலும் மேற்கு மாம்பலத்தில் வசிப்பவர்கள்; பெரும்பாலும் என் மனைவிக்கு மூத்த சகோதரர்.

கப்பல் யாத்திரைக்கு வேண்டியவை என்று நம் போன்ற பாமரர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் தேதி, பணம், பாஸ்போர்ட், விசா ஆகியவற்றை அவர் ஒரு புன்முறுவலால் ஒதுக்கிவிடுவார். "அதெல்லாம் ஒரு மணி நேரத்து வேலை, மாப்பிள்ளை. முதலில் கேபின் நிர்ணயமாக வேண்டும்" என்பார். கேபின் என்பது ஒரு கட்டிலும், ஓர் அலமாரியும், திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும் குளியலறையும் கொண்ட ஒரு சிற்றறை. நாளெல்லாம் தின்பதும் திரிவதுமாக இருக்கும் பிரயாணி, கண் அயர்வதற்கு மட்டும் அதற்குள் நுழைகிறான். ஆயினும் அப்பேர்ப்பட்ட அறைகள் ஒரு பெரிய கப்பலில் ஆயிரக்கணக்கில் உண்டு என்பதும், அவற்றுள் எது நமக்கு வேண்டும் என்று கட்டணம் செலுத்தும்போதே நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதும் அவருக்குத் தெரிந்த அன்றைக்கே எங்கள் குடும்பத்தின் விடுமுறைகள் கப்பலேறிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சிற்றுண்டி நேரத்தைத் துல்லியமாகக் கணித்து, அவர் எழுந்தருளுகிறார். கக்கத்தில் ஒரு சுருள். கப்பலின் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தாளாக வண்ணத்தில் அச்செடுத்து வைத்திருக்கும் அந்தப் படங்களை எங்கள் சாப்பாட்டு மேஜையில் விரிக்க, அவை பழைய பழக்கத்தால் மீண்டும் சுருண்டுகொள்ள, ஒரு மூலையில் ஊறுகாய் ஜாடியையும், மறு மூலையில் சர்க்கரை டப்பாவையும், மற்ற இரண்டு மூலைகளில் என் கைகளையும் வைத்து அவற்றை அடக்கிய பின் ஆராய்ச்சி ஆரம்பமாகும். சிவப்புப் பென்சிலை அவர் காதில் செருகிக்கொண்டிருப்பார். அது கீழே இறங்கினால் ஓர் அறைக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

நீச்சல் குளம் இருக்கும் தளத்துக்கு நேர் கீழே அறை கூடாது; விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளைத் தரையில் இழுத்து வரிசைப்படுத்துவார்கள், அந்தச் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். நாடக அரங்குக்கு மேலேயும் கூடாது. நள்ளிரவு வரை மத்தள முழக்கம். முன்பக்கம் கூடாது, துறைமுகத்தில் அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகள் அங்கேதான் உறுமும். பின்பக்கம் கூடாது, இயந்திரத்தின் அதிர்வு. லிஃப்டுக்கு அருகில் கூடாது, ஊரெல்லாம் வாசலில் நின்று பேசும். லிஃப்டுக்குத் தொலைவிலும் கூடாது, அம்மாவால் நடக்க முடியாது. பக்கத்து அறைக்குள் போகும் இணைப்புக் கதவு உள்ள அறை கூடாது, அந்தக் கதவு குறட்டையைத் தடுக்காது. உயிர்காப்புப் படகுகள் தொங்கும் வரிசையில் ஜன்னல் இருந்தால் கடலுக்குப் பதிலாகப் படகின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். பல கப்பல்களில் 13 என்ற எண்ணுள்ள தளமே கிடையாது. 12-க்கு அடுத்தது 14. நம்மவர் இதையும் விடவில்லை. எண்ணை மாற்றிவிட்டால் தோஷம் போய்விடுமா, அந்த 14 உண்மையில் 13 தானே என்று கேட்டு ஒரு தளம் முழுவதையும் ஒரே கோட்டில் அடித்தார்.

இவற்றிலெல்லாம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் சொல்லும் ஒவ்வொன்றும் தனித்தனியே உண்மை. ஒன்றாகச் சேரும்போதுதான் கப்பலில் மனிதன் படுக்க இடமில்லாமல் போகிறது. ஒருவேளை எல்லாத் தோஷங்களுக்கும் தப்பிய அறை ஒன்று எஞ்சினாலும் இருக்கவே இருக்கிறது "வெள்ளை இடம்". தளப்படத்தில் எந்த விவரமும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கும் பகுதிகளை அவர் அப்படித்தான் அழைப்பார். அங்கே சமையற்கூடமோ, சாமான் அறையோ, ஊழியர்கள் இரவெல்லாம் தள்ளுவண்டி உருட்டும் வழியோ இருக்கும் என்பது அவருடைய சித்தாந்தம். "சொல்லக்கூடிய இடமாக இருந்தால் சொல்லியிருப்பான் இல்லையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும்போது, கப்பல் கட்டியவன் ஏதோ கொலையை மறைத்துவிட்டான் என்றே நமக்கும் தோன்றும்.

ஒரு ஞாயிறன்று முன்தளத்துப் படத்தில் வட்டமாக ஓர் அடையாளம் இருப்பதைக் கண்டு என் மகள், "மாமா, இது என்ன?" என்று கேட்டாள். அது ஹெலிகாப்டர் இறங்கும் மேடை என்றும், நடுக்கடலில் எவருக்கேனும் உடல்நலம் கெட்டால் அங்கிருந்து கரைக்குத் தூக்கிச் செல்வார்கள் என்றும், ஆதலால் அதற்கு அண்மையில் அறை எடுப்பதில் உள்ள சாதக பாதகங்கள் இன்னின்னவை என்றும் அவர் விஸ்தாரமாக எடுத்துரைத்தார். கப்பல்களில் அப்படி மேடை இருப்பது வாஸ்தவம். ஆனால் அந்த வட்டம் முந்தின வாரம் அவருடைய காபி டம்ளர் பதித்தது. என் மனைவி அதை அறிவாள். அண்ணன் மேல் உள்ள மரியாதையால் அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள்.

ஆராய்ச்சியின் சிகரம் கப்பலின் ஆட்டத்தைப் பற்றியது. ஏற்றப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவனுக்கு அசைவு குறைவாகவும் ஓரத்தில் உட்கார்ந்தவனுக்கு அதிகமாகவும் இருப்பது போலக் கப்பலிலும் நீளத்தின் நடுப்பகுதியில், கூடியவரை கீழ்த்தளத்தில் இருப்பவனுக்கே ஆட்டம் குறைவு என்பது சாஸ்திரம். இதில் எனக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் இந்தக் கப்பல் போவது மலாக்கா ஜலசந்தியில். ஒருபுறம் மலேயத் தீபகற்பமும் மறுபுறம் சுமத்திராவும் கரை கட்டி நிற்க, இந்து மகா சமுத்திரத்தின் பேரலைகள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத நீர்வழி அது. போதாக்குறைக்குக் கப்பலின் இரு பக்கங்களிலும் நீருக்கடியில் சிறகு போன்ற தட்டுகள் நீண்டு உருளலைச் சமன் செய்கின்றன. இதை நான் ஒருமுறை பணிவோடு எடுத்துச் சொன்னேன். "புக்கெட் பக்கம் திறந்த கடல், மாப்பிள்ளை" என்றார். அதுவும் உண்மை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், அங்கே நங்கூரமிட்டு நின்று சிறு படகில் பிரயாணிகளைக் கரைக்கு அனுப்புவது கஷ்டமாகி, சில சமயம் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள். உடனே மே மாதம் அடிபட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை முழுமையாக உள்ள மாதம் அது ஒன்றுதான் என்பது அவருடைய ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்ட விஷயம்.

இவ்வளவும் கடந்து ஓர் அறை தேர்வாகி, சாந்தி நிலவியதும், மறு ஞாயிறு வரை பொறுத்திருக்கச் சொல்லிவிட்டுப் போவார். மறு ஞாயிறுக்குள் அந்த அறையை வேறு எவனோ எடுத்திருப்பான். பணம் கட்டாத அறை பறிபோவது உலக இயற்கை. அவருக்கோ அது துக்கம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போனால் போகட்டும், அதற்கு எதிர்த்தாற்போல் ஒரு வெள்ளை இடம் இருந்தது" என்று தேறி, மறுபடியும் முதல் தாளை விரிப்பார். அறை எதுவாயினும் சரி என்று கப்பல் நிறுவனத்திடமே விட்டுவிட்டால் அவர்களே ஒன்றை ஒதுக்கித் தருவார்கள், கட்டணமும் பொதுவாகக் குறையும் என்று அவர்களுடைய விளக்கப் புத்தகத்திலேயே போட்டிருப்பதை ஒருநாள் நான் சுட்டிக்காட்டினேன். பெண்ணை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லிவிட்டதாகப் பாவித்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வாந்தி மாத்திரை, இஞ்சி மிட்டாய், பருப்புப் பொடி, பெட்டிக்குப் பூட்டு ஆகியவை குறித்தும் அவருக்குக் கொள்கைகள் உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவரை வெறுக்கவும் முடியவில்லை. என் தம்பி மகன் கல்யாணமான கையோடு, எவரையும் கலந்து ஆலோசிக்காமல், அதே கப்பலுக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு மனைவியோடு போய்விட்டான். மரினா பே துறையில் கப்பல் நின்றுகொண்டிருக்கும்போதே அவனுக்கு வழி தப்பிவிட்டது. புறப்படுமுன் பிரயாணிகள் அனைவரும் தத்தமக்குரிய இடத்துக்குப் போய் ஆபத்துக்காலப் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது விதி. அந்த இடம் தெரியாமல் ஒரே மாதிரிக் கதவுகள் வரிசையாக உள்ள நடைவழியில் நின்றுகொண்டு மேற்கு மாம்பலத்தாருக்குப் போன் செய்தான். நம்மவர் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். படத்தை விரிக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டார். "பதறாதே அப்பா. காலுக்குக் கீழே கம்பளத்தில் மீன்கள் நீந்துகின்றனவா? அவை எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அதுதான் கப்பலின் முன்பக்கம். அந்தப் பக்கமே போ. மூன்றாவது படிக்கட்டில் நான்கு தளம் இறங்கி இடக்கைப் பக்கம் திரும்பு. கண்ணாடிக் கதவு தெரிகிறதா?" தெரிந்தது. கப்பலையே கண்ணால் பாராத ஒருவர் நடத்திச் சென்ற வழியில் ஓர் அடிகூடப் பிசகவில்லை. போனை வைத்தபோது அவருடைய முகத்தில் இருந்த ஒளியை உத்தியோக உயர்வு வந்த நாளிலும் நான் கண்டதில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "பையன் வெள்ளை இடத்துக்கு நேர் கீழே படுக்கிறான். பாவம், தூக்கம் இராது" என்றார். பையன் நன்றாகத் தூங்கியதாகப் பின்னால் சொன்னான். நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

இதோடு நிறுத்தினால் இது சிரித்துவிட்டுப் போகும் விஷயந்தான். ஆனால் இந்தக் கப்பல் ஆசையை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் என் மாமியார். அவர் பினாங்கில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். 1926-இல் கட்டப்பட்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தமிழர்களை ஏற்றி இறக்கிய ரஜூலா கப்பலில், திறந்த தளத்தில், ஒரு பாயும் ஒரு தகரப் பெட்டியுமாகக் குடும்பத்தை அழைத்துவந்தவர். அவர் எந்தத் தளப்படத்தையும் பார்க்கவில்லை. காலியாக இருந்த இடத்தில் பாயை விரித்தார். அந்தப் பாயில் படுத்து வந்த சிறுமிதான் இப்போது, பினாங்கின் குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். வேறு எதுவும் கேட்கவில்லை. கப்பல் அணையும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து அந்தக் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். அந்தத் தூரத்தை நடந்துவிடக்கூடிய முழங்கால்கள் இந்த ஆராய்ச்சி தொடங்கியபோது அவருக்கு இருந்தன. இப்போது எங்கள் வீட்டு மாடிப்படி ஏறவே ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கிறது. ஞாயிறுதோறும் மகன் படத்தை விரிக்கும்போது அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எந்த அறை என்று ஒருநாளும் கேட்டதில்லை, எந்த மாதம் என்றுதான் கேட்கிறார். அதற்குத்தான் பதில் கிடைப்பதில்லை. லிஃப்டுக்கு எவ்வளவு தூரம் என்று அம்மாவுக்காக அளந்துகொண்டிருக்கும் மகனுக்கு அம்மாவின் வயது அளவில் அகப்படாமல் போனது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. இதை நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

ஆகவே, இதைப் படிப்போரில் எவர் வீட்டிலேனும் இத்தகைய ஒருவர் இருப்பாரானால், அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை அவரிடமே விட்டுவிட்டு, வேறொரு கிழமையில், அவர் அறியாமல், வீட்டில் மூத்தவர் எவரோ அவருக்கும் துணைக்கு ஒருவருக்குமாகச் சீட்டு வாங்கிவிடுங்கள். அறையைக் கப்பல்காரர்களே ஒதுக்கட்டும். கட்டணமும் குறைவு.